தங்கையின் உதட்டில் வசந்த நிறம்

— அசையாத, தொகியே. உதட்டை ஆட்டினா கோடு கோணிக்குது.

— லிப்ஸ்டிக் கலர் பாக்கணும்னு இந்தக் கடைக்குக் கூட்டிட்டு வந்தது நீ, அக்கா. கழுத்துல துணியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கறது நான். ஒண்ணு சொல்லட்டுமா? மருந்துக்குக்கூட பவுடர் பாக்காத மூஞ்சி இது. எங்க நூடுல்ஸ் கடை ஆவியிலயே வெந்தது.

— ஆவி பட்டதாலதான் தங்கச்சி மேடத்துக்குச் சருமம் இவ்வளவு மிருதுவா இருக்குங்க.

— கேட்டியா அக்கா? இனிமே சாப்பிட வர்ற பொம்பளைங்களுக்கெல்லாம் ஒரு கிண்ணம் ஆவியும் சேர்த்து வைக்கறேன், இந்தக் கடைக்காரம்மா கவாமுரா சான் பேரைச் சொல்லி.

— சிரிக்காதடி. கவாமுரா சான், இப்ப நான் போட்டது சரியா?

— கொஞ்சம் அழுத்திட்டீங்க மேடம். பிரஷ்ஷைப் படுக்க வச்சுக்கங்க. நடுவுலேருந்து ஓரத்துக்கு. அப்படியே... அப்படியே... ஆங், அவ்வளவுதான். ஓரத்துல வந்ததும் கையைத் தூக்கிடணும்.

— இதை உன் வாயிலயே போட்டுப் பழகக்கூடாதா?

— எனக்குத்தான் மூக்குக்கண்ணாடி போட்டா மூச்சு பட்டு மங்கிப் போகுது, கழட்டினா வாய் எங்க இருக்குன்னே தெரியல. எதிர்ல ஒரு முகம் இருந்தா கை சொன்ன பேச்சு கேக்குது. கொஞ்ச நேரம் இரு, என் தங்கம் இல்ல.

— தங்கம்னு சொல்லியே மூஞ்சியை வாடகைக்கு எடுத்துட்ட. ஏம்மா கவாமுரா சான், வெளிய முழங்கால் வரைக்கும் பனி. பஸ்ஸே ஊர்ந்துக்கிட்டு வருது. நீங்க இங்க வசந்தம்னு போர்டு மாட்டி வச்சிருக்கீங்க.

— வசந்தக் கலர் எப்பவும் ஜனவரியிலயே வந்துடும்ங்க. நிஜமா பூ பூக்கறப்ப இங்க கோடை வந்துடும். நாங்க எப்பவுமே ஒரு பருவம் முன்னாடிதான் நிப்போம்.

— கோடைக் கலரும் இருந்தா காட்டுங்க.

— அதுக்கென்ன அவசரம் அக்கா?

— இருக்கட்டும். பாத்து வச்சுக்கலாம்.

— விக்கறதுக்கு இன்னும் வரலைங்க, பாக்கறதுக்கு மட்டும் ரெண்டு வந்திருக்கு. இது தர்பூசணிச் சிவப்பு. இது லேசா ஆரஞ்சு. வேர்வைக்குக் கலையாது, தண்ணி குடிச்சாலும் ஒட்டாது. கையில போட்டுக் காட்டறேன் மேடம்.

— இவ கையில போடுங்க.

— சுத்தம். கையும் போச்சு.

— தர்பூசணி வேண்டாம் கவாமுரா சான். வெளுத்த முகத்துக்கு எடுப்பாத் தெரிஞ்சுடும். பாக்கறவங்க பயந்துடுவாங்க.

— உங்களுக்கு வெளுத்த முகம் இல்லைங்களே மேடம். நல்ல கோதுமை நிறம். உண்மையைச் சொல்லணும்னா, வசந்தக் கலர்ல நீங்க எடுத்து வச்சிருக்கற இந்த இளம் ரோஜாவும் உங்களுக்கு அவ்வளவா எடுக்காது. சாம்பல் அடிச்ச மாதிரி ஆயிடும். அந்தப் பீச் பழ நிறம் போட்டா முகமே விளக்கேத்தின மாதிரி இருக்கும். ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்.

— போடு அக்கா. விலையைப் பாத்து மயக்கம் வர்ற கடையில ஓசியா போட்டு விடறேங்கறாங்க.

— இளம் ரோஜாவே இருக்கட்டும்.

— பிடிவாதத்தைப் பாருங்க. இதே பிடிவாதத்துல ஒரு அலமாரி நிறைய வச்சிருக்கா, தெரியுமா? எங்க அத்தான் வருஷா வருஷம் பனி உருகறதுக்கு முன்னாடி இந்தக் கடையிலதான் வாங்கிட்டு வருவாரு. இவ போட்டதே இல்ல.

— தெரியும்ங்க. சாரை நல்லா ஞாபகம் இருக்கு. படகுக் கம்பெனி தொப்பியைக் கக்கத்துல வச்சுக்கிட்டு அந்தத் தூணுக்குப் பின்னாடி நிப்பாரு. மத்த பொம்பளைங்க போற வரைக்கும் வெளிய வர மாட்டாரு. காதெல்லாம் சிவந்திருக்கும். "எது புதுசோ அதைக் கொடுங்க"ம்பாரு. சார் இப்ப எப்படிங்க இருக்காரு?

— நல்லா இருக்காரு. நல்லா சாப்பிடறாரு இப்பல்லாம்.

— மலை மேல இருக்கற முதியோர் இல்லத்துல இருக்காரு, கவாமுரா சான். எல்லாம் மறந்து போச்சு. கேஸ் அடுப்பு மறந்து, வீட்டு வழி மறந்து, கடைசியில கட்டினவளையும் மறந்து... சரி விடுங்க. அக்கா, நீ ஏன் ஒண்ணைக்கூடப் போட்டுக்கல? அத்தான் முகம் எப்படி வாடியிருக்கும்?

— மீன் ஆலையில மேக்கப் கூடாதுடி. சின்னப் பவுடர் வாசனை இருந்தாக்கூட வாசல்லயே கழுவிட்டு வரச் சொல்வாங்க. ஞாயித்துக்கிழமைக்குன்னு வச்சேன். ஞாயித்துக்கிழமை வந்தா தூங்கணும்போல இருக்கும். ரிட்டயர் ஆனதும் போட்டுக்கலாம்னு நினைச்சேன். ஆனேன். அதுக்குள்ள அவர் சாவியைக் கொண்டுபோய் அரிசிப் பானையில போட ஆரம்பிச்சுட்டாரு. கன்னத்துக்கு எப்படி, கவாமுரா சான்?

— சிரிக்கச் சொல்லுங்க மேடம். சிரிக்கறப்ப எது மேல வருதோ அங்க பிரஷ்ஷை வச்சு, காதுப் பக்கமா ஒரு இழுப்பு இழுங்க.

— ஈ... போதுமா?

— சிரிக்க மாட்டேன்னு முரண்டு பிடிச்சா?

— நானா? இவ்வளவு நேரம் பல்லைக் காட்டிட்டுத்தானே இருக்கேன்!

— சும்மா கேட்டேன். தலையைத் திருப்பிக்கிட்டா என்ன பண்றது, கவாமுரா சான்? அவங்க... யாராவது வாயை இறுக்கி மூடிக்கிட்டா?

— அப்ப சுண்டுவிரலை மட்டும் தாடையில வச்சுக்கங்க, பிடிக்கக் கூடாது. கையை முதல்ல நாமளே சூடு பண்ணிக்கணும். ஜில்லுன்னு பட்டா யாரா இருந்தாலும் திரும்பிடுவாங்க. காஞ்ச உதடுன்னா முதல்ல களிம்பு தடவி கொஞ்சம் ஊற விடுங்க. யாருக்குங்க மேடம்?

— யாருக்கோ இல்ல. தெரிஞ்சு வச்சுக்கறேன்.

— அக்கா. ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு.

— என்ன புரிஞ்சுது?

— இதைப் போட்டுட்டு அத்தான் முன்னாடி போய் நிக்கப் போறே. கண்டுபிடிச்சுடுவார்னு நினைக்கறே. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு என் மூஞ்சியில கூத்தடிக்கறே. தப்பில்ல அக்கா. போ. டாக்டர் என்ன சொன்னா என்ன? மனுஷ மூளையில எந்த மூலையில எது ஒளிஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்?

— போட்டுட்டுப் போனேன், தொகியே. புத்தாண்டு அன்னிக்கு.

— போனியா! சொல்லவே இல்லையே! என்ன சொன்னாரு?

— அழகா இருக்கீங்கன்னாரு.

— பாத்தியா, பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா?

— "இருக்கீங்க"ன்னாரு, தொகியே. கல்யாணம் ஆன நாளா என்னை ஒருநாளும் "ங்க" போட்டுப் பேசினதில்ல.

— யாரோ மூணாம் மனுஷிகிட்டப் பேசற மாதிரியா?

— தங்கச்சி மேடம், டிஷ்யூவைக் கொஞ்சம் கடிச்சுக்கங்க. அப்படியே... கலர் தங்கிடும். பாருங்க, உங்களுக்கு இந்த ரோஜா எவ்வளவு நல்லா இருக்குன்னு.

— எனக்கு நல்லா இருந்து என்ன ஆகப் போகுது, கவாமுரா சான்? நூடுல்ஸுக்கா காட்டப் போறேன்? அக்கா, அதுக்கப்புறம் என்ன ஆச்சு? அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். கிளம்பறப்ப பின்னாலேயே வராண்டா வரைக்கும் வந்தாரு. காதெல்லாம் சிவந்திருந்துது. "என் வீட்டுக்காரிக்குப் புதுசா வந்த வசந்தக் கலர் ஒண்ணு வேணும், கிடைக்குமா"ன்னு கேட்டாரு.

— அக்கா!

— மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும்! வீட்டுக்காரிக்குன்னு கேட்டாரா? வீட்டுக்காரின்னா நீதானே! ஆள் அடையாளம் தெரியலைன்னா என்ன? நீ உள்ள இருக்கே அக்கா. அவருக்குள்ள இருக்கே. பேரும் சொன்னாரா?

— சொன்னாரு. "மிசாவோவுக்குச் சிவப்பு பிடிக்காது, ரோஜாவாப் பாருங்க"ன்னாரு.

— மிசாவோன்னே சொன்னாரா! கவாமுரா சான், கேட்டீங்களா? பெத்த புள்ளைங்க பேரு போச்சு, ஊர் பேரு போச்சு, இவ பேரு மட்டும் போகல! எனக்கு அழுகை வருது, கன்னத்துக் கலர் வழியப் போகுது, துணி கொடுங்க. இதைச் சொல்லாம இவ்வளவு நாளா உம்முனு இருந்தியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?

— இந்த ரோஜாவையே கொடுத்துடுங்க, கவாமுரா சான். உதட்டுக் களிம்பு ஒண்ணு. சின்ன பிரஷ் ஒண்ணு.

— கண்டிப்பா மேடம். பரிசுக்குச் சுத்தற மாதிரியே சுத்திடறேன், சார் வாங்கிட்டுப் போற மாதிரி. ரிப்பன் பச்சை போடட்டுங்களா? சின்ன அட்டையில பேர் எழுதித் தரவும் முடியும்.

— எழுதுங்க. மிசாவோன்னு.

— உங்க பேரேதானேங்க. ரொம்ப நல்லது மேடம், இதோ.

— அவரே கையால கொடுக்கட்டும் அக்கா. நீ பொட்டலத்தை அவர் கையில வச்சுடு. "இந்தாங்க, உங்க வீட்டுக்காரிக்கு"ன்னு சொல்லு. அவர் யார் கிட்ட நீட்டறார்னு பாரு. உன்கிட்டத்தான் நீட்டுவாரு. நான் பந்தயம் கட்டறேன். நாளைக்கே போவோம், நானும் வரேன், கடையை எங்க வீட்டுக்காரர் பாத்துக்கட்டும்.

— நீ வர வேண்டாம்.

— ஏன் வரக்கூடாது? வருவேன்.

— தொகியே, இல்லத்துல அவருக்கு எதிர் ரூம்ல ஒரு அம்மா இருக்காங்க. வெளுத்த முகம். உன்னை மாதிரியே மெல்லிசு உதடு. பாக்க யாரும் வர்றதில்ல.

— சரி. அதுக்கு?

— அவங்களைத்தான் மிசாவோன்னு கூப்பிடறாரு. இலை உதிர்ற காலத்துலேருந்தே அப்படித்தான். அவங்களும் "ம்"ங்கறாங்க. அவங்க பக்கத்துல உட்கார்ந்தாத்தான் சோறு இறங்குது. நான் ஊட்டினப்ப துப்பினாரே, அதே சோறு.

— அக்கா... இதெல்லாம் அவங்களுக்கா?

— போன வாரம் பழசு ஒண்ணு எடுத்துட்டுப் போய்ப் போட்டு விட்டேன். என்னைக் கடையிலேருந்து வர்ற அம்மான்னு நினைச்சுட்டிருக்காரு. பழக்கம் இல்லாம ஓரமெல்லாம் ஈஷிக்கிச்சு. அந்தம்மா தலையைத் திருப்பிக்கிட்டாங்க. அதான் ஒழுங்காக் கத்துக்கலாம்னு வந்தேன்.

— உன்னை இப்படி நிக்க வச்சுட்டு... கோவம் வரலையா உனக்கு? அவர் ஒண்ணுமே சொல்லலையா?

— சொன்னாரு. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டிருந்தவரு, "இவ்வளவு பொறுமையா இருக்கீங்களேம்மா, உங்க வீட்டுக்காரர் கொடுத்து வச்சவர்"னாரு.