யாரென்று தெரியாத கேதம்

காரைக்குடியிலிருந்து காளையார்கோவில் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவரின் மடியில் இலையில் சுற்றிய மாலை இருந்தது.

“கேதத்துக்கா போறீக?” என்று கேட்டார் பக்கத்தில் இருந்தவர்.

“ஆமா. ஆனா செத்தது யாருன்னு தெரியாது.”

நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

“எங்க வீட்டுக்காரவுகளுக்கு வேற ஒருத்தரோட இதயம் வச்சிருக்குக்கா. கொரோனாவுலதான் பதிஞ்சுட்டுக் காத்துக் கெடந்தோம். ரோட்டுல வண்டியே ஓடல, அடிபட்டு வர்ற ஆளுக கொறஞ்சு போச்சு, அதான் இதயம் கிடைக்கலன்னாரு டாக்டரு. ஒண்ணு வந்துச்சு. செத்தவருக்குக் கொரோனான்னு அதையும் வேணாம்னுட்டாக. ஊரே வீட்டுக்குள்ள கெடந்து நோய் போகணும்னு கும்பிட்டுச்சு. நான் ரோட்டுல வண்டி ஓடணும்னு கும்பிட்டேன்.”

“அப்புறம் கிடைச்சுச்சா?”

“ஊரடங்கை எடுத்ததும் கிடைச்சுருச்சு. இப்ப நல்லா இருக்காக. கொடுத்தது பைக்குல அடிபட்ட பையனாம். பேரும் ஊரும் சொல்லக் கூடாதுன்னுட்டாக. அவன் ஆத்தாகிட்ட நான் கேதம் கேக்க வேணாமா? எங்குட்டுப் போய்க் கேக்குறது? அதான், இந்தப் பக்கம் வண்டியில அடிபட்டு எந்தப் பையன் செத்தாலும் போயிருறேன்.”

காளையார்கோவிலுக்கு முந்தின நிறுத்தத்தில் பந்தல் தெரிந்தது. அவர் மாலையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அங்க போயி யாருன்னு சொல்லுவீக?”

“ஒண்ணும் சொல்றதில்லக்கா. பெத்தவளைக் கட்டிக்கிட்டு அழுவேன். இதுவரைக்கும் ஒருத்தியும் என்னைய யாருன்னு கேட்டதில்ல.”