மயிலாடிச் சிறுமி தனுஜாவை லீமா அழைத்துச் சென்றது பற்றி முற்பிறவி நினைவுச் சிகிச்சையாளர் செல்வதாஸ் சொன்னது

எனது பெயர் செல்வதாஸ். வயது 46. தகப்பனார் பெயர் ஞானமுத்து, காலஞ்சென்றவர். நாகர்கோவில் வடசேரியில் வாடகை வீட்டின் மாடியில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். அதே வீட்டின் கீழ்த்தளத்தில் முற்பிறவி நினைவுச் சிகிச்சை நிலையம் நடத்தி வருகிறேன். நான் மருத்துவர் இல்லை. மஸ்கட்டில் செவிலியராக வேலை பார்த்துவிட்டு 2006ஆம் ஆண்டு ஊர் திரும்பினேன். அதன் பின்னர் பெங்களூரில் ஹிப்னாடிசப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றேன். மயிலாடியில் கல்பட்டறை வைத்திருக்கும் பொன்னுலிங்கம் என்பவரின் மகள் தனுஜாவை, வயது 8, இந்த 2014ஆம் வருடம் ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, லீமா என்ற பெண் பள்ளி வாசலிலிருந்து அழைத்துச் சென்றது சம்பந்தமாகக் காவல் ஆய்வாளர் அவர்கள் என்னை அழைத்து விசாரிக்க, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் தொழில்முறையை முதலில் விளக்கும்படி ஆய்வாளர் கேட்டார். பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்னவென்றால், வந்தவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு படிக்கட்டில் இறங்கச் சொல்ல வேண்டும். கீழே பூந்தோட்டம், தோட்டத்தின் முடிவில் ஒரு கதவு, கதவைத் திறந்தால் வெளிச்சம். இதை நான் தமிழில் எழுதி மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அப்படிச் சொன்னபோது இந்தப் பக்கத்து ஆட்கள் பாதியிலேயே கண்ணைத் திறந்துவிட்டார்கள். முதுகுவலிக்காக வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நடுவில் கையைத் தூக்கி, “ஓய், இது ஆகாசவாணி நாடகம் மாதிரியில்லா இருக்கு” என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அதன் பின்னர் படிக்கட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டேன்.

எனக்கென்று ஒரு முறை கைகூடச் சில வருடங்கள் ஆயின. மங்கலான விளக்கு, ஊதுவத்தி, பாட்டு எதுவும் நான் வைப்பதில்லை. எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருவேன். கூட வந்தவரும் அறைக்குள்ளேயே இருக்கலாம். ஜன்னலைத் திறந்தே வைத்து, காதில் விழும் சத்தத்திலிருந்தே ஆரம்பிக்கச் சொல்வேன். அவர் சொல்லும் கடைசி வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லி, “பொறவு?” என்று மட்டும் கேட்பேன். என்னுடைய வார்த்தை ஒன்றும் அவர் மனதுக்குள் போய்விடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன். கண்ணைத் திறந்த பிறகு, நீங்கள் கண்டது போன பிறவிதான் என்றோ, இல்லை என்றோ யாரிடமும் சொன்னதில்லை. பெங்களூரில் என்னுடன் படித்தவர்கள், நீ ராணியாக இருந்தாய், போர்வீரனாக இருந்தாய் என்றெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். நான் அதைச் செய்யாததால் என் முறை நேர்மையானது என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. வடசேரியில் சிலர் என்னைப் ‘பொறவு சார்’ என்று கூப்பிடுவதும் உண்டு.

முற்பிறவி உண்டா என்று ஆய்வாளர் கேட்டார். எனக்குத் தெரியாது. நான் சிறுவயதிலிருந்து போய்வரும் சபையில் அப்படி ஒரு போதனை இல்லை. ஆனால் பேசி முடித்தவர்களுக்கு உறக்கம் வந்ததையும் வலி குறைந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வாறு இருந்துவரும்போது, இந்த வருடம் ஈஸ்டர் கழிந்து லீமா என்பவர் தன் நாத்தனாருடன் என்னிடம் வந்தார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். குளச்சலுக்கு அடுத்த ஒரு கடற்கரை ஊர். கணவர் மரியான் விசைப்படகில் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர். லீமாவுக்குப் பல வருடமாக உறக்கம் இல்லை. ஆஸ்பத்திரிக்கும் தியான மையத்துக்கும் போய்விட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். “இங்க வாறது பாவம்ணு தெரியும் சாரே. ஆனா ஒறங்கணும்” என்று லீமா சொன்னார். காரணம் கேட்டதற்கு, 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் அலை வந்தபோது தன் ஆறு வயது மகள் ரெஜிஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதாகவும், கை நழுவிவிட்டதாகவும், உடல் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். “குளிப்பாட்டதுக்கு எண்ணெய் தேச்சிட்டிருந்தேன். எனக்க கையெல்லாம் எண்ணெய். அதான் வழுக்கிப் போச்சு” என்றார். லீமாவின் தலைமயிர் வறண்டு செம்பட்டையாக இருந்தது. அன்றிலிருந்து இவள் எண்ணெயைக் கையால் தொடுவதில்லை என்று நாத்தனார் சொன்னார்.

ஆரம்பத்தில் வந்த நாட்களில் லீமா கண்ணை மூடியதும் அழுதார், வேறொன்றும் நடக்கவில்லை. அதன் பின்னர் ஒரு நாள் வந்தபோது, என்ன கேட்கிறது என்று கேட்டதற்கு, “கல்லு கொத்துற சத்தம்” என்றார். நான், “கல்லு கொத்துற சத்தம். பொறவு?” என்றேன். “ஒரு வீடு” என்றார். “ஒரு வீடு. பொறவு?” என்றேன். “கொச்சு இருக்கா. அவளுக்க அம்ம அவளுக்குத் தலை சீவி விடுதா” என்றார். கொச்சு என்றால் அவர்கள் பேச்சில் பிள்ளை. அதன் பின்னர், “அது நானில்ல” என்றார். நான் வழக்கம்போல், “பொறவு?” என்றேன். “சிரிக்கா” என்றார். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. கண்ணைத் திறந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்தார். போகும் வழியில் பஸ்ஸிலேயே உறங்கிவிட்டதாக நாத்தனார் போனில் சொன்னார். அடுத்த வாரம் மரியான் கரைக்கு வந்தவுடன் ஒரு முழு நெய்மீனை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதன் பின்னர் லீமா என்னிடம் வரவில்லை. குணமாகிவிட்டது என்று நினைத்தேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த சமயம் ஒருநாள் தனியாக வந்து, “சாரே, எனக்க கொச்சைக் கண்டுட்டேன்” என்றார். கல் கொத்தும் ஊர் மயிலாடி என்பதால் அங்கே பஸ்ஸில் போய்ப் பட்டறைகள் இருக்கும் தெருக்களில் பல நாள் நடந்ததாகவும், ஒரு வீட்டு முற்றத்தில் தாய் ஒருத்தி மகளுக்குத் தலை சீவுவதைப் பார்த்ததாகவும், அந்தப் பிள்ளையின் சிரிப்பு ரெஜிஷாவின் சிரிப்பு என்றும், பிறந்தது அலைக்கு அடுத்த வருடம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதாகவும், ரெஜிஷாதான் மறுபடி பிறந்திருப்பதாகவும் சொன்னார். அந்தப் பிள்ளைதான் தனுஜா.

நான் பயந்துபோனேன். அன்றைக்கு எங்கள் பக்கத்துக் காம்பவுண்டில் அஸ்திவாரத்துக்குக் கருங்கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள், ஜன்னல் திறந்திருந்தது, அந்தச் சத்தம்தான் உங்கள் காதில் விழுந்தது என்று எடுத்துச் சொன்னேன். கையோடு கூட்டிக்கொண்டு போய், குவிந்து கிடந்த கல்சில்லுகளையும் காட்டினேன். லீமா குனிந்து ஒரு சில்லை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். பிள்ளை இறந்த துக்கத்தில் மனம் தானாகக் காட்டியது என்று சொன்னேன். அதற்கு அவர் கோபப்படாமல், “நீங்க ஒண்ணும் சொல்லல்லியே சாரே. நான்தானே சொன்னேன். எனக்க வாயில வந்தது எப்படிப் பொய்யாவும்?” என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்கள்தான் சொன்னீர்கள் என்று நானும் என்னிடம் வருகிறவர்களுக்குப் பல தடவை தைரியமாகச் சொல்லியிருக்கிறேன்.

அதன் பின்னர் மரியானுக்குப் போன் போட்டேன். படகு கடலுக்குப் போயிருந்ததால் கிடைக்கவில்லை. நாத்தனாரிடம் சொன்னதற்கு, “இப்பதான் ரெண்டு வாய் சோறு தின்னுதா. அதக் கெடுக்காண்டாம் சாரே” என்றார். அதன் பின்னர் நானே மயிலாடிக்குப் போய்ப் பொன்னுலிங்கத்தைப் பட்டறையில் சந்தித்தேன். அவர் கல்தூளைத் துடைத்துவிட்டு எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். நடந்தது முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “அந்த அம்மா தெருவில நிக்கத நாங்களும் பாத்தோம். பிள்ளைய கடல்ல குடுத்தவ. வந்து பாத்துட்டுப் போட்டும் சார், நம்ம என்னத்த எழந்துருவோம்?” என்றார். வேண்டாம், இது வளர்ந்துவிடும் என்று சொன்னேன். அவர் மனைவி பகவதியும் வந்து நின்று கேட்டார். அவரும் இரக்கப்பட்டாரே தவிர பயப்படவில்லை. அவர்களுடைய நல்ல மனதுக்கு முன்னால் நான் சொன்னது கெட்ட வார்த்தை போல ஆகிவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பின்னர் நடந்தது பொன்னுலிங்கமும் பகவதியும் சொல்லி எனக்குத் தெரியும். லீமா அவர்கள் வீட்டுக்கு மீனும் பலகாரமும் கொண்டு வந்திருக்கிறார். ஒருநாள் தான் தலை சீவிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறார், பகவதி சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் கொடுத்திருக்கிறார். லீமா எண்ணெயைத் தொட்டுத் தலையில் வைத்திருக்கிறார். போகப்போகப் பிள்ளையை ரெஜிஷா என்று கூப்பிட ஆரம்பித்ததும், பகவதி இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று லீமா எங்கள் வீட்டுக்கு வந்து மாலைவரை வாசலில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி காப்பி கொடுத்தும் குடிக்கவில்லை. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன் என்று நான் சொன்னதற்கு, “எனக்கு ஒண்ணுமில்ல சாரே. அவளுக்குத்தான் ஓர்மை வரணும். வீட்டைக் கண்டா ஓர்மை வந்துரும்” என்றார். வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று கண்டித்துச் சொன்னேன். சரி என்று தலையை ஆட்டினார். நாத்தனாருக்கும் பொன்னுலிங்கத்துக்கும் உடனே போனில் சொன்னேன். பொன்னுலிங்கம், இனிப் பள்ளிக்குத் தானே கொண்டுவிட்டுக் கூட்டிவருவதாகச் சொன்னார்.

மேற்படி வெள்ளிக்கிழமை பொன்னுலிங்கம் ஒரு சிலையை லாரியில் ஏற்றிவிட்டுப் போவதற்குச் சற்றுத் தாமதமாகிவிட்டது. அதற்குள் லீமா பிள்ளையைக் கூட்டிப்போய்விட்டார். வீட்டுக்கு வந்து போனவர் என்பதால் பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. எனக்குத் தகவல் வந்தவுடன் லீமாவின் ஊரைச் சொன்னது நான்தான். போலீஸ் ஜீப்பில் நானும் பொன்னுலிங்கமும் போனோம். அங்கே தனுஜா புதுக் கவுன் போட்டு, பாயில் உட்கார்ந்து அப்பமும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. உடம்பில் எந்தக் காயமும் இல்லை. சாப்பிடுவதற்கு முன்னால் லீமா அதைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், எந்த இடத்தில் கை நழுவியது என்று காட்டியிருக்கிறார். ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பிள்ளை என்ன சொல்வது என்று தெரியாமல், ஆமா என்று சொல்லிவிட்டது. பெண் காவலர் ஜீப்பில் ஏறச் சொன்னபோது லீமா எதிர்க்கவில்லை. என்னைப் பார்த்து, “ஆமான்னு சொல்லிட்டா சாரே” என்று மட்டும் சொன்னார். அதன் பின்னர் பொன்னுலிங்கத்திடம், “அவ இன்னும் தின்னு முடிக்கல்ல” என்றார்.

லீமாவுக்குப் பிள்ளையைத் துன்புறுத்தும் எண்ணமோ வேறு கெட்ட எண்ணமோ இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைதான் உன் மகள் என்று நான் சொன்னேனா என்று ஆய்வாளர் கேட்டார். சொல்லவில்லை. அப்படியானால் யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பின் நான் யாருக்கும் சிகிச்சை செய்யவில்லை.

இன்று காலை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்திருந்த பகவதி, என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். வீட்டுக்கு வந்த பிறகு தனுஜா தலையில் தண்ணீர் ஊற்ற விடுவதில்லை என்றும், பக்கெட்டைக் கண்டாலே கதவைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது என்றும் சொன்னார். நேற்றுச் சோறு ஊட்டும்போது, “அம்மா, நான் கடல்ல செத்துப் போனேனா?” என்று கேட்டதாம். பகவதி என்னிடம், “அவளுக்க கண்ண மூடவச்சு, அத எடுத்துக் களஞ்சிருங்க சார். ஒங்களுக்குத்தான் தெரியும்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிள்ளையையும் கண்ணை மூடவைத்தால் அது இன்னும் ஆழமாகப் போய்விடும் என்றும், குழந்தைகளுக்கான மருத்துவரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னேன். மருத்துவரிடம் காட்டினால் இந்தப் பயம் போய்விடுமா என்று பகவதி கேட்டார். தெரியவில்லை என்றேன். அதற்குள் பிள்ளை எழுந்து வந்து பகவதியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அப்ப நான் யாரு?” என்று கேட்டது. பகவதி என்னைப் பார்த்தார். ஆய்வாளர் கூப்பிடவே, நான் உள்ளே வந்துவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை ஆய்வாளர் அவர்கள் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கிறது. எதையும் கூட்டவோ நீக்கவோ சொல்ல எனக்கு இல்லை.

(ஒப்பம்) ஞா. செல்வதாஸ்