பின்னறைக்குப் போன வயர்

வெள்ளவத்தையில் பஸ் நகருவதாக இல்லை. யாருக்கும் திட்டக்கூடத் தெம்பில்லை. எனக்கு முன் இருக்கையில், வேலை முடிந்து வந்த இருவர். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"அண்ணி எனக்குக் கறண்டைக் குறைச்சுத்தான் விடுறா எண்டு நினைச்சு, ஒரு வருசமா அவவோட கதைக்கேல்லை."

"கறண்டை எப்பிடியப்பா குறைச்சு விடுறது?"

"நான் இருக்கிறது பின்னறை. கறண்டு லைன் முன்னுக்கு இருக்கிற அண்ணி ஆக்களின்ட வீட்டிலயிருந்து வருது. நான் தண்ணி கொதிக்க வைக்கக் கேத்திலைப் போட்டா என்ட லைட் மங்கிப் போகும். அங்க பளிச்செண்டு எரியும். வேற என்னத்தை நினைக்கிறது?"

"வயரைப் பாக்கேல்லையோ?"

"அதுதான் பிழை. மெல்லிசு வயர், மதிலைச் சுத்தி நீளமா இழுத்துக் கிடந்தது. நீளமும் மெல்லிசும் எண்டா தடை கூடுமாம். கறண்டு வாற வழியிலயே வயரைச் சூடாக்கிக் களைச்சுப் போகுதாம். வயரிங் செய்யிறவர் சொன்னவர். இப்ப நல்ல தடிச்ச வயர், நேர் வழியா இழுத்தாச்சு."

"நீதானே அவரைக் கூப்பிட்டனி?"

"இல்லை. அண்ணி."

பஸ் கொஞ்சம் நகர்ந்து, திரும்பவும் நின்றது.

"இப்ப லைட் எப்பிடி?"

"போட வெக்கமாக் கிடக்கு. இருட்டிலதான் சாப்பிடுறன்."