நெஞ்சில் பூசிய நீலம்

அன்று கதவைச் சாத்தும் அளவுக்குக் காற்று அடித்ததா என்று கேட்டீர்கள். சரியாக நினைவில்லை. அடித்தது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அது வேறொரு நாளாகவும் இருக்கலாம். செம்மறிகளோடு இருப்பவனுக்கு நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பருவங்கள்தான் தனியாக நிற்கும்.

சேர்க்கைப் பருவத்தில் கிடாவின் நெஞ்சில் வண்ணம் பூசுவோம். அது ஏறும் பெட்டையின் முதுகில் வண்ணம் ஒட்டும். பெட்டைகளின் பருவச் சுற்று ஒன்று முடிந்ததும் வேறு வண்ணம். மஞ்சள் முதுகில் அடுத்துச் சிவப்பும் விழுந்தால் அதற்குச் சினை பிடிக்கவில்லை என்று பொருள். அந்த வருடம் எங்கள் மந்தையில் மஞ்சள் இல்லாத முதுகு இல்லை. பிறகு சிவப்பு இல்லாத முதுகும் இல்லை.

கிடாவை மாற்றச் சொன்னேன். பலமுறை சொன்னேன். மந்தை எனக்கும் தங்கைக்கும் அப்பா விட்டுப்போனது. ஆனால் முடிவு சொல்வது தங்கையின் கணவர். தாய் ஒதுக்கிய அந்தக் கிடாவுக்குப் புட்டிப்பால் கொடுத்து, நெற்றியைத் தேய்த்துத் தேய்த்து வளர்த்தவர் அவர். அப்படி வளர்ந்த கிடாவுக்கு ஆட்களிடம் பயம் இருக்காது. மனிதனையும் இன்னொரு கிடாவாக எண்ணி முட்டும். அதையும் சொன்னேன்.

“வெயில்ல வாடிப்போயிருக்கான், மச்சான். கொஞ்சம் பொறுங்க.”

“பருவம் நமக்காகப் பொறுக்காது, மாப்பிள்ளை. இந்த வருஷம் குட்டியே இல்லாம போயிடும்.”

“கிடாவைவிட உங்களுக்குத்தான் அவசரமா இருக்கு” என்றார். சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த தங்கை அதை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்ததாகத்தான் நினைவு.

மந்தைக்கு ஒத்துவராததைக் கழிப்பது என் வேலை. மடி கெட்டதைக் கழிப்பேன், பல் போனதைக் கழிப்பேன். எதன் மீதும் கோபம் இருந்ததில்லை.

மூன்றாவது வண்ணத்துக்கு முன்பு கிடாவைப் பிரித்து, பெட்டைகள் கண்ணில் படும்படி ஒரு தடுப்புக்குள் சில நாள் அடைத்துவைத்தேன். ஓய்வு கொடுப்பதாகச் சொன்னேன். அது பலகையை முட்டி முட்டி நெற்றியைப் புண்ணாக்கிக்கொண்டது. வண்ணம் பூச எப்போதும் இருவர் வேண்டும். ஒருவர் கொம்பைப் பிடித்து அதைச் சுவரோடு அழுத்திக்கொள்ள, மற்றவர் குனிந்து பூசுவார். பிடிப்பது நான்.

“பிடிச்சாச்சா, மச்சான்?” என்றார் மாப்பிள்ளை. கிடாவுக்கு முதுகைக் காட்டிக் குந்தியபடி கிண்ணத்தில் நீலத்தைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

“ம்” என்றேன். நான் தடுப்புக்கு வெளியே நின்றிருந்தேன். தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது.

முதல் முட்டிலேயே விழுந்தார். என்னைக் கூப்பிட்டார். பிறகும் கூப்பிட்டார். கிடா ஒவ்வொரு முறையும் பின்னால் போய் ஓடி வந்தது. அது களைக்கும்வரை காத்திருந்தேன். அதற்கு முன் உள்ளே போவது யாருக்கும் ஆபத்து.

பிறகு போய் அதைப் பிடித்து, கிண்ணத்தில் மிஞ்சியிருந்த நீலத்தைப் பூசி, பெட்டைகளிடம் விட்டேன். புதுக் கிடா வாங்க எப்படியும் நாளாகும். அதுவரை பருவம் வீணாக வேண்டாம் அல்லவா. அதற்கப்புறம்தான் தங்கையைக் கூப்பிட்டேன்.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்தார். பழைய கிடா கறிக்குப் போனது. புதுக் கிடாவுக்குக் கறுப்பு பூசினேன். ஒரு முதுகிலும் கறுப்பு விழவில்லை. எல்லாப் பெட்டைகளும் நீலத்திலேயே சினையாகியிருந்தன. குட்டிகள் நல்ல எடையோடு பிறந்தன. தங்கை வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள். நான் இங்கே உங்கள் காவலில் இருக்கிறேன். மந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் இப்போது யாரும் இல்லை.