காருக்குப் பல் விளக்கியவர்கள்

ஒத்தக்கடை மளிகைக் கடையில் எனக்கு முன்னால் டாக்சிக்காரர் ஒருவரும் அவருடைய இளைய நண்பரும் நின்றிருந்தார்கள்.

"மாப்ள, நேத்து காருக்குப் பல்லு வெளக்கிவிட்டோம்."

"என்னண்ணே சொல்றீக?"

"முன்லைட்டு ரெண்டும் மஞ்சளடிச்சு மங்கிருச்சு. இப்படியே போனா ஆர்.டி.ஓ. ஆபீசுல எஃப்.சி. குடுக்க மாட்டாக, வண்டி ஓட்ட முடியாதுல்ல? பேஸ்ட்டப் போட்டுத் தேச்சேன். ஒரு லைட்டு பளபளன்னு ஆயிருச்சு. அதுக்குள்ள பேஸ்ட்டு தீந்துபோச்சு."

"அப்புறம்?"

"ஒங்க மதினி காம்பவுண்டுல வீடு வீடாப் போயி இருந்த டியூப்பெல்லாம் வாங்கிட்டு வந்துட்டா. அம்புட்டுப் பேரும் வந்து ஆளுக்கொரு கை தேச்சாக. இன்னைக்கு எஃப்.சி. வாங்கிட்டோம்ல!"

"அப்ப செலவே இல்லன்னு சொல்லுங்க."

"காலையில காம்பவுண்டே உப்புப் போட்டுப் பல்லு வெளக்கிருக்கு, மாப்ள. அண்ணாச்சி, பேஸ்ட்டு ஆறு குடுங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தார்.

"நூத்தி இருபது ரூபா."