மூன்றாவது இறக்கம்

என் வலது தோள்பட்டை பதினெட்டு வருஷமாக வலிக்கிறது. மண்வாரி பிடிக்கிறவர்கள் எல்லாருக்கும் இருக்கிற வலிதான், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்காலம் வந்தால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. சீப்பை இடது கையில் பிடித்துத்தான் வாரிக்கொள்வேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்டதனால் சொல்கிறேன். வேறு யாரும் கேட்டதில்லை.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், சுவரோரம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டேன். தம்பி விழித்துத்தான் இருக்கிறான், ஆனால் மெதுவாகப் பேசினால் அவனுக்குக் கேட்காது. கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தமும் இருக்கிறதே.

போன வருஷம் விசாரணைக்கு வந்தபோது, வளைவில் மணல் தீர்ந்துபோய்விட்டது என்று சொன்னேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். மணலைக் கணக்குப் பார்த்து ஏற்றாதது மேஸ்திரியின் தப்பு என்று முடிவாகி, அவரை ரோட்டு வேலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். அவருக்குச் சம்பளம் குறையவில்லை. குளிரில் நிற்கவேண்டாம். ஒரு வகையில் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். பனி விழுந்தால் லாரியின் பின்பலகையில் நின்று உப்பு கலந்த மணலை வாரி ரோட்டில் வீசவேண்டும். பெரிய ரோட்டுக்கு மெஷின் உண்டு. மலைப்பாதை வளைவுகளில் மெஷின் திரும்பாது, கையால்தான் வீசவேண்டும். பதினெட்டு வருஷமாக வீசுகிறேன். எனக்குப் பத்தொன்பது வயதில் அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். தம்பிக்கு அப்போது ஆறு வயது. ஒரு வருஷம் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்துப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை. அதன் பிறகுதான் மண்வாரியைப் பிடித்தேன்.

அவன் ஓடக் கற்றுக்கொண்டதே எங்கள் லாரிக்குப் பின்னால்தான். பள்ளிக்கூடம் விட்டதும் மேட்டில் ஏறி வருவான். லாரி மெதுவாகப் போகும், அவன் பின்னாலேயே ஓடி வருவான். நான் வீசுகிற மணல் அவன் முழங்காலில் படும். அவன் காலை என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஏற்றத்தில் முன்பாதம் ஊன்றுவான். இறக்கத்தில் மூச்சை விட்டுவிட்டு உடம்பை முன்னால் சாய்ப்பான். வளைவு வந்தால் உள்பக்கம் ஒட்டிப் போவான், வாய்க்கால் கல்லுக்கு ஒரு முழம் இடம் விட்டு. மற்றவர்கள் வாய்க்காலுக்குப் பயந்து நடுரோட்டில் போவார்கள். ஒரு வளைவுக்கு நாலு அடி மிச்சம் என்பான். முப்பது கிலோமீட்டரில் எத்தனை வளைவு என்று எண்ணிக்கூட வைத்திருந்தான்.

அந்த மலைப்பாதையில் வருஷத்துக்கு ஒருதரம் முப்பது கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் வைப்பார்கள், மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். குளிர்காலத்தில் வைப்பதே அதன் பெருமை என்று சொல்வார்கள். நாலு வருஷம் ஓடினான். பன்னிரண்டாவது, ஒன்பதாவது, ஐந்தாவது, நாலாவது. ஒவ்வொரு வருஷமும் முடிந்ததும் வீட்டுக்கு வந்து வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, எங்கே மூச்சு வாங்கியது, எங்கே எவனைத் தாண்டினான் என்று ஒன்றுவிடாமல் சொல்வான். நான் அவன் காலுறையைக் கசக்கிக்கொண்டே கேட்பேன். எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் தம்பியைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்கள். அதற்காக நான் அழவில்லை.

ஐந்தாவது வருஷப் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"முதல் மூணு பேருக்குள்ள வந்தா டீம்ல சேத்துக்கறேன்னு கோச் சொல்லிட்டாருக்கா. ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ எல்லாம் அவங்களே. இனிமே உனக்கு ஒரு தட்டு கழுவுற வேலை மிச்சம்."

"எங்க இருக்கு?"

"ரயில்ல ஒன்றரை நாள்."

"நான்?"

"நீ லீவு போட்டுட்டு வா. பாத்துட்டுப் போ." பிறகு சிரித்தான். "என் கட்டில வாடகைக்கு விட்டுடு. குறட்டை விடாத ஆளாப் பாரு."

நானும் சிரித்தேன். பாத்துட்டுப் போ என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்றைக்கே பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தான். அந்த ஒரு வாரமும் பெட்டி கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் காலில் இடித்தது.

பந்தயத்தன்று விடியற்காலையில் நாங்கள் நாலு பேர் மணல் போடப் போனோம். மூன்றாவது இறக்கத்தில், இருபத்திரண்டாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டி ஒரு வளைவு. அங்கே பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து உள்பக்கமாக ரோட்டில் வழியும். குளிரில் அப்படியே உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும். கீழே தார் கறுப்பு, அதனால் பார்த்தால் ஈரம் மாதிரிகூடத் தெரியாது.

மேஸ்திரி என்னை அங்கே இறக்கிவிட்டு இரண்டு மூட்டை மணலையும், மண்வாரியையும் துடைப்பத்தையும் தள்ளிவிட்டார். "இந்த வளைவ நீயே பாத்துக்கம்மா. உன் தம்பி ஓடுற ரோடு, உன்னவிட அக்கறையா வேற யாரு போடப்போறா?"

லாரிமேல் நின்றிருந்தவன், "விட்டா அந்தக்கா ரோட்டுக்கு மெத்தை விரிச்சுரும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். லாரி மேலே போய்விட்டது. நான் தனியாக நின்றேன். அங்கே காற்று கிடையாது, சத்தமும் கிடையாது. என் மூச்சு மட்டும் புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

உள்பக்கம் இரண்டு முழ அகலம், பத்தடி நீளம், மணல் போடாமல் விட்டுவிட்டேன். மற்ற இடமெல்லாம் நன்றாகவே போட்டேன்.

விட்டுவிட்டேன் என்று எழுதுகிறீர்கள். அது அவ்வளவு சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். கைப்பழக்கத்தில் அங்கேயும் போட்டுவிட்டேன். பிறகு துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினேன். உப்பு பட்ட இடம் இளகியிருந்தது, அது மறுபடி உறைகிறவரைக்கும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் இருக்கும். இரண்டாவது மூட்டையில் பாதி மிச்சம். அதை வாய்க்காலில் கொட்டிவிட்டு, காலி மூட்டையைத்தான் ஒப்படைத்தேன்.

அந்த அரைமணி நேரத்தில் மனசு மாறவில்லையா என்று கேட்பீர்கள். குளிரில் அதெல்லாம் தோன்றவில்லை. கணுக்கால் என்றுதான் கணக்குப் போட்டேன். கணுக்கால் சுளுக்கினால் ஆறு வாரம். அதற்குள் கோச் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு போய்விடுவார். வேறு யாராவது விழுந்திருந்தால் என்றும் கேட்கலாம். யாரும் விழவில்லையே. அந்த இடத்தில் கால் வைக்கிறவன் அவன் ஒருத்தன்தான்.

பந்தயம் வரும் நேரத்துக்கு வளைவுக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். கையில் கம்பளி வைத்திருந்தேன். முன்யோசனையோடு கம்பளி கொண்டுவந்தாளே என்று பிற்பாடு எல்லாரும் மெச்சினார்கள்.

முதல் ஆள் நடுரோட்டில் போனான். அடுத்து தம்பி வந்தான். இரண்டாவது. அவ்வளவு நன்றாக ஓடி அவனை நான் பார்த்ததில்லை. முகத்தில் வலி இல்லை. மேலேயிருந்தே என்னைப் பார்த்துவிட்டான், "அக்கா" என்று கையைத் தூக்கினான். நானும் இடது கையைத் தூக்கினேன். கத்துவதற்கு நேரம் இருந்தது. நிறையவே இருந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்பக்கம் ஒட்டினான்.

கணுக்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முதுகு வாய்க்கால் கல்லில் பட்டது. இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்று ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் சொன்னார்கள். கண் விழித்ததும் முதலில் அவன் கேட்டது பந்தயத்தைப் பற்றித்தான். மூன்றாவது யார் வந்தது என்று. பிறகு, அங்கே மணல் இல்லையா என்றான். தீர்ந்துபோச்சுப்பா என்றேன். தலையை ஆட்டினான்.

ஒரு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. காலையில் அவனைத் துடைத்து, உடுப்பு மாற்றி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வேலைக்குப் போவேன். மத்தியானம் டயர் கடைக்காரர் ஒருதரம் எட்டிப் பார்ப்பார். வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிட்டேன். இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று மாடிப்படியில் பார்க்கிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். அவன் அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் சொல்வதற்கு அவனிடம் பந்தயம் இருந்தது, இப்போது இல்லை. அதனால் லாரியில் நடந்ததை நான் சொல்வேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பான். கேட்கிறான் என்றுதான் நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி பந்தயம். தன்னை அந்த வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றான். எதற்கு என்று கேட்டேன், பார்க்கணும் என்றான். டயர் கடைக்காரர் வேனில் ஏற்றி இறக்கிவிட்டார். விடியற்காலையில் அந்த ரோட்டுக்கு மணல் போட்டவள் நான்தான். ஒரு விரற்கடை விடாமல் போட்டிருந்தேன்.

சக்கர நாற்காலியை வாய்க்கால் ஓரம் நிறுத்தச் சொன்னான். ஓடுகிறவர்கள் வந்தார்கள், போனார்கள். அவர்கள் யாரையும் அவன் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி ஆள் நொண்டிக்கொண்டு போய் மறைந்தபிறகு, குனிந்து தரையிலிருந்து கொஞ்சம் மணலை எடுத்தான். விரலில் உருட்டிப் பார்த்தான்.

"இந்த வருஷம் மணல் பத்துச்சாக்கா?"

"பத்துச்சு."

"நான் விழுந்தப்ப என் கன்னம் ரோட்டுல இருந்துச்சு. வெளிப்பக்கம் பூரா மணல். நல்லாத் தெரிஞ்சுது. உள்பக்கம் ஏன்க்கா இல்ல?"

நான் நாற்காலியின் பிரேக்கை எடுத்துத் தள்ளத் தொடங்கினேன். வழியில் அவன் மறுபடி கேட்கவில்லை. நாலு நாளாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஊட்டினால் வாயைத் திறக்கிறான், அவ்வளவுதான். வீட்டில் இரண்டு பேர் இருந்தும் இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. அதனால்தான் உங்களை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தது.

எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மேலே என்ன செய்யவேண்டுமோ செய்யுங்கள். என்னைக் கொண்டுபோனால் காலையில் அவனைப் புரட்டிப்போட ஆள் வேண்டும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனைத் தூக்குகிற பக்குவம் வேறு யாருக்கும் தெரியாது.

அவனுக்கு என்னால் முடிந்ததெல்லாம் செய்துவிட்டேன். அந்த ஒரு கேள்விக்குப் பதில் மட்டும் பாக்கி. அதைத் தவிர என் தம்பிக்கு நான் எதுவும் தரவேண்டியதில்லை.