ஏழாம் கட்டத்தில் நின்ற விளையாட்டு குறித்து

வயது 56. தொழில், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது. இருப்பிடம், மூன்றாம் மாடி, பின்பக்க வீடு. பெயரும் தகப்பனார் பெயரும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, எழுத்தர் முன்னிலையில் சொல்வதாவது:

மேற்படி வீட்டில் நானும் என் மனைவியும் இருபத்தாறு வருடமாகக் குடியிருந்தோம். பிள்ளைகள் இல்லை. அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்தது ஜப்பான்காரர்கள் செய்த பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றும் அதற்குரிய ஒரே ஒரு கேஸட்டும். விண்வெளி நிலையத்துக்குள் கவசம் போட்ட ஒரு பெண் இடமிருந்து வலமாக ஓடுவாள், தாண்டுவாள், சுடுவாள். மொத்தம் ஏழு கட்டம். பாதியில் சேமித்து வைக்க முடியாது, பெட்டியை அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான். அவளும் அவள் தம்பியும் சின்ன வயதிலிருந்து ஆடியும் ஆறாவதைத் தாண்டியதில்லை. நான் ஒரே ஒருமுறை ஆடி, முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். "லென்ஸ்ல மயிரிழை கீறல் தெரியுது, இவ்ளோ பெரிய பள்ளம் தெரியலையா உங்களுக்கு?" என்றாள். அதன் பிறகு அதைத் தொட்டதில்லை. அவள் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன்.

சென்ற மாதம் 4-ம் தேதி காலை பத்தரை மணியளவில் அவள் முதல்முறையாக ஏழாவது கட்டத்துக்குள் போனாள். ஒரு உயிர்தான் பாக்கி என்று என் தொடையில் தட்டிச் சொன்னாள். அதன் பிறகு நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். ஆம்புலன்ஸ் ஆட்கள் தூக்கும்போதும், "அணைச்சிடாதீங்க, வந்து முடிக்கிறேன்" என்றாள். அதன் பிறகு மருத்துவமனையிலிருந்து, கப்பலில் ஃபிட்டராக இருக்கும் தன் தம்பிக்குப் போன் போடச் சொல்லி, "நான் வரலைன்னா நீ முடிடா" என்றாள். 9-ம் தேதி இறந்துபோனாள்.

மைத்துனனால் உடனே கரையிறங்க முடியவில்லை. அக்கா முகத்தை அவன் கடைசியாகப் பார்க்கவில்லை. எப்போது போன் செய்தாலும், சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால் "டி.வி. ஓடுதா மாமா?" என்றுதான் கேட்பான். ஓடியது. பெட்டி சூடாகாமலிருக்க இருந்த ஒரே மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வியர்வையில் படுத்தேன்.

இம்மாதம் 6-ம் தேதி பகல் பதினோரு மணிக்கு மீட்டர் மாற்ற மின் ஊழியர் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவர் உள்ளே வந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எத்தனை நாளா நிக்குது சார்?" என்று கேட்டார், சொன்னேன். அதன் பிறகு பழைய மீட்டரைச் சுற்றித் தனி வயர் கட்டி, மின்சாரம் விடாமல் மாற்றினார். இருபது நிமிட வேலை ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு பல்புகூடச் சிமிட்டவில்லை. போகும்போது "பாத்தீங்களா சார், அசையல" என்றார்.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு திரைக்கு முன்னால் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் ஓரடி எடுத்து வைப்பதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஒரு தடவை அழுத்தி, உடனே மறுபடி அழுத்திவிடலாம் என்று நினைத்தேன். ஸ்டார்ட்டை அழுத்தினேன். இசை வந்தது. ஆட்டம் நின்றபோது இசையும் நின்றிருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. பரீட்சைத் தாள் திருத்தும்போதும் காய் நறுக்கும்போதும் என் மனைவி தன்னை அறியாமல் முனகும் மெட்டு அது. அவள் விட்ட இடத்திலிருந்து, பாதியில் தொடங்கியது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன், கை வேலை செய்யவில்லை. மேலேயிருந்து ஏதோ இறங்கியது. எதையோ அழுத்தினேன், அந்தப் பெண் ஒருமுறை குதித்து விழுந்தாள். அதன் பிறகு தொடர்வதா என்று திரை கேட்டது. ஒன்பது, எட்டு, ஏழு என்று எண் இறங்கியது. ஸ்டார்ட்டை அழுத்தித்தானே இவ்வளவும் ஆனது என்று அதைத் தொடப் பயந்தேன். பூஜ்ஜியம் வந்தது. அதன் பிறகு ஆட்டத்தின் முதல் பக்கம் வந்தது. நான் அழுதேன். அவளை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை.

11-ம் தேதி காலை மைத்துனன் வந்தான். செருப்பைக் கழற்றாமல் நேராக டி.வி.யிடம் போனான். முதல் பக்கத்தைப் பார்த்தான். "ஆட்டத்துல உயிர் போயிருந்தாக்கூட பரவாயில்ல மாமா, எண்ணி முடிக்கறதுக்குள்ள ஸ்டார்ட்டை அழுத்தினா அதே கட்டத்துல விடும். அணைச்சாதான் எல்லாம் போகும். யார் அணைச்சது?" என்றான். அதைக் கேட்ட பிறகு என் வாயிலிருந்து உண்மை வரவில்லை. மீட்டர் மாற்ற வந்தவர் என்று, நாக் கூசாமல் சொன்னேன். அதன் பிறகு நடந்தது வழக்கில் உள்ளபடிதான். மின் அலுவலக மாடிப்படியில் மைத்துனன் அவரைப் பிடித்துத் தள்ளியதில் அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. தான் மின்சாரத்தை நிறுத்தவே இல்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவர் அலுவலகமும் அவரிடமே விளக்கம் கேட்டிருக்கிறது.

இன்று காலை லாக்கப்பில் மைத்துனனைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். "நீங்க ஒரு மாசம் காவல் காத்தீங்க மாமா. அந்தாளுக்கு ஒரு நிமிஷம் பொறுக்கல" என்றான். அதன் பிறகு நேராக வந்து எழுத்தரைத் தாள் எடுக்கச் சொன்னேன்.

இதை என் மைத்துனனுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை, ஆனால் படிக்கும்போது எதிரில் நிற்பேன்.

யாருடைய தூண்டுதலும் இன்றி நான் சொன்னதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். முதல் வரைவில் அவர் "மின்தடை ஏற்பட்டதால்" என்று எழுதியிருந்த இடத்தை அடிக்கச் சொன்னேன். மின்சாரம் நிற்கவில்லை. ஸ்டார்ட்டை அழுத்தி ஆட்டத்தைத் தோற்றது நான். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, உண்மை.

(ஒப்பம்)